வாலுள்ள இரண்டு தானியங்கள்

அறிஞர்களே, விளாத்திகுளத்திலிருந்தும் புதூரிலிருந்தும் வந்திருக்கும் சம்சாரிகளே,

பார்லிக்கு ஒரு கருத்தரங்கு, அதுவும் தூத்துக்குடியிலா என்று நேற்று நண்பர் ஒருவர் சிரித்தார். நியாயமான சிரிப்புதான். நமக்குப் பார்லி நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம். உப்பளத்தில் பகலெல்லாம் வெயிலில் நின்றவருக்கு நீர்க்கடுப்பு வந்தால், ஒரு கைப்பிடியைக் குழைய வேகவைத்து, வடித்து, உப்புப் போட்டுக் கொடுப்போம். உறவு அத்தோடு சரி.

ஆனால் அதற்குத் தமிழில் வாற்கோதுமை என்று பெயர். கதிரில் நீண்டு நிற்கும் கூர்மயிர்தான் அந்த வால். நம் கரிசலிலும் வாலைப் பெயரில் வைத்திருக்கும் தானியம் ஒன்று உண்டு: குதிரைவாலி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம் என்றுதான் இந்தத் தலைமையை ஏற்றேன்.

தானியங்களில் உப்பை மிக அதிகம் தாங்குவது பார்லி. கோதுமையைவிடக் குறைந்த தண்ணீரில் விளையும். அப்படியானால் நம் கடற்கரைக்கு ஏற்றதாயிற்றே என்று ஆசைப்பட வேண்டாம். அதற்குக் குளிர் வேண்டும். மார்கழியிலும் மின்விசிறி சுழலும் ஊரில் மணி திரளாது.

நாம் பார்க்க வேண்டியது அதன் வரலாற்றை. 1950-களின் தொடக்கத்தில் இந்தியாவில் 30 லட்சம் ஹெக்டேரில் நின்ற பயிர், இன்று அதில் கால் பங்குகூட இல்லை. மண் அதைக் கைவிடவில்லை. பாசனம் வந்தது, கோதுமைக்கு அரசுக் கொள்முதல் வந்தது, உழவர் கோதுமைக்கு மாறினார். மிஞ்சிய பார்லியில் நல்ல விலை பார்ப்பது மால்ட் ஆலைக்குப் போகும் மணிதான்.

கம்பும் சோளமும் குதிரைவாலியும் நின்ற நம் கரிசலில் மக்காச்சோளம் பரவிய கதையும் வேறல்ல. கோழித்தீவனம் காசு கொடுத்தது. 2018-இல் படைப்புழு வந்தது. குருத்தைப் பிரித்தால் ஈர மரத்தூள்போல எச்சம், அதற்குள் புழு. ஒரே பயிரை நம்பிய காடுகள் அந்தப் பருவத்தில் பட்ட பாட்டை இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பார்லிக்காவது மத்திய அரசு குறைந்தபட்ச ஆதார விலை அறிவிக்கிறது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினோம். ஆனாலும் குதிரைவாலி அந்த ஆதார விலைப்பட்டியலில் ஏறவில்லை. எனக்கு இது வெட்கமாக இருக்கிறது.

கைவிட்டுப் போன விளைச்சல் தானாகத் திரும்பும் என்று நம் முத்துக்குளித்துறையில் யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதற்குப் பிறகு முத்துப்பார்களில் சிப்பி தேறவேயில்லை. குதிரைவாலியும் தானாகத் திரும்பாது.

ஆகவே கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் என்பதோடு நிறுத்தாதீர்கள். குதிரைவாலியின் உமி லேசில் கழன்றுவிடாது. அதை உரிக்கும் ஆலை எந்த ஊரில் இருக்கிறது, கூலி என்ன, மூட்டையை உமியோடு விற்ற சம்சாரி அதே அரிசியைக் கடையில் என்ன விலைக்கு வாங்குகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வில் சம்சாரிகளே பேசட்டும். முன்வரிசையில் இருக்கும் நாம் கொஞ்சம் எழுந்து இடம் விடுவோம்.