ரத்தம் ஊறச் சொல்லும் ஊசி

ராயகிரி பக்கத்திலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்களுக்கு ஓர் ஊசி நன்றாகப் பழக்கம். "ரத்தம் ஊறுறதுக்குப் போடுறோம்" என்பார்கள் நர்ஸம்மா. எரித்ரோபாய்ட்டின் என்பது அதன் பெயர். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் கொடுத்துத்தானே வருகிறோம், பிறகு எதற்கு ஊசி என்று வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி.

நம் எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. எத்தனை பிறக்க வேண்டும் என்பதை மஜ்ஜை தானாக முடிவு செய்வதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதைச் சிறுநீரகம் உணர்கிறது. உணர்ந்ததும் எரித்ரோபாய்ட்டினைச் சுரக்கிறது. மஜ்ஜையில் வளரும் இளம் அணுக்களின் மேல் அதைப் பற்றிக்கொள்ளவே சில புரதங்கள் உண்டு. அவற்றை ஏற்பிகள் என்கிறோம். எரித்ரோபாய்ட்டின் வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் நெருங்கிச் சேர்கின்றன. அவற்றின் உள்முனையில் இருக்கும் ஜேக்-2 என்ற நொதி வேலையைத் தொடங்குகிறது. சேதி அணுவின் உட்கரு வரை போகிறது: பிழைத்திரு, பெருகு, சிவப்பணுவாகு. சேதி கிடைக்காத இளம் அணுக்கள் மடிந்துவிடும்.

சிறுநீரகம் பழுதானவருக்கு இந்தச் சேதிதான் குறைகிறது. சமைத்துப்போட்ட தாயோ மனைவியோ தன்மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம்.

இந்த ஊசி எளிதில் வந்ததல்ல. ஜப்பானில் ரத்தசோகை நோயாளிகளிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்துதான் சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் குழுவினர் 1977இல் சில மில்லிகிராம் எரித்ரோபாய்ட்டினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். 1989இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு பலருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. ஜேக்-2 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனால் சேதி வராமலே அந்த நொதி ஓயாமல் வேலை செய்யும். சிவப்பணு பெருகி ரத்தம் தடித்து, உறைகட்டி அடைக்கும் ஆபத்து வரும். பாலிசைதீமியா வீரா என்ற இந்த நோயின் காரணம் 2005இல்தான் தெளிவானது.

ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மூன்று சொல்கிறேன். ரத்த அழுத்தம் கூடக்கூடும், தவறாமல் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஊசி சரியாக வேலை செய்யாது. அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கீரையிலும் பேரீச்சையிலும் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும். எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.