மழை லீவும் பள்ளிக்கூடமும்

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரி மலை அடிவாரத்து நெற்களஞ்சியத்தைப் பார்க்காமல் போவதில்லை. சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கல்யாண மகால் பக்கம் நடந்துவிடுவார்கள். இந்தக் கோட்டை மீது 1690-இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698 வரை நீண்டது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை காலம் தாக்குப்பிடித்தது பீரங்கியால் மட்டுமா? நெல் இருந்தது, தண்ணீர் இருந்தது. ஆபத்து என்றால் கோட்டைக்குள் ஓடிய காலம் அது. இப்போது பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறோம்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. டிவியில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஓடியதும் பிள்ளைகள் குதித்திருப்பார்கள். எந்தப் பிள்ளைதான் குதிக்காது! ஆனால் கட்டடத்துக்கு லீவு இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் பல பள்ளிகள் நிவாரண முகாம்களாக மாறின. பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தார்கள்.

ஏன் பள்ளிக்கூடம்? கான்கிரீட் கூரை, கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் உண்டுதான். என்னைக் கேட்டால், முதலில் சத்துணவுக் கூடத்தைச் சொல்வேன். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை. ஊருக்கு ஊர் ஒரு பெரிய அடுப்பையும் அண்டாவையும் கொடுத்தது. நூறு பேருக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு உப்பு என்று கண்ணாலேயே அளக்கத் தெரிந்த சமையலர்களையும் கொடுத்தது. வெள்ளம் வந்த பிறகு தேடினால் கிடைக்கிற ஆட்கள் இல்லை அவர்கள்.

அமைதியான விடுமுறைகளிலும் பள்ளிக்கு வேலை உண்டு. 1969-இல், காந்தி நூற்றாண்டில் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டத்தில், மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் விடுமுறையில் ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்குகிறார்கள். கோயில் வளாகத்தைக் கூட்டுகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். நட்ட கன்று அடுத்த வெயிலைத் தாண்டுமா என்பது வேறு கதை. வீட்டில் தட்டைக்கூடக் கழுவாத பையன் அங்கே ஐம்பது பேருக்குச் சாம்பார் கிண்டுகிறானே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். அரையாண்டு விடுமுறை விட்டால் அந்தச் சத்துணவு அடுப்பு அணைந்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு லீவில் பசிக்காதா? 2020 ஊரடங்கில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுத்தார்கள். வழி தெரியாமல் இல்லை.

அந்தப் புயல் லீவுக்கு வருவோம். பாதிக்கப்பட்ட பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. டிசம்பர் தொடக்கத்தில் மழை லீவு என்று குதித்த பிள்ளைகள், கிறிஸ்துமஸ் லீவு முழுக்கப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நனையாமல் தப்பிய புத்தகம் யாரிடம் இருந்ததோ, அவர்கள் வீட்டுத் திண்ணையில் கூட்டமாக.