கூப்பனை வெட்டுமுன் கணக்கைப் பாருங்கள்!

(ஏற்காட்டில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பொருட்களின் அட்டையில் இருக்கும் கூப்பனைச் சேர்த்துக் கொடுத்தால் பள்ளிக்கூடத்திற்கு உதவி கிடைக்குமாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்குப் பார்க்காமல் எந்த வியாபாரியாவது காரியத்தில் இறங்குவானா?

அமெரிக்காவில் ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனி 1996-ல் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தாய்மார்கள் அட்டைப்பெட்டியிலிருந்து கூப்பனை வெட்டிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் எண்ணி அனுப்பும். ஒரு கூப்பனுக்கு 10 சென்ட். அற்பக் காசுதான்! ஆனால் ஊரே சேர்ந்தபோது கோடிக்கணக்கான டாலர் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2003-ல் பிரிட்டனில் கேட்பரி கம்பெனி, சாக்லேட் உறைகளைச் சேர்த்தால் பள்ளிக்கு விளையாட்டுக் கருவிகள் என்று அறிவித்தது. ஃபுட் கமிஷன் என்ற அமைப்பு கணக்குப் போட்டது. வாலிபால் கம்பங்கள் கிடைக்க 5,440 சாக்லேட் தின்ன வேண்டும்! பிள்ளையின் உடம்பைக் கெடுத்துவிட்டு விளையாட்டுக் கருவியா?

நம் நாட்டிலும் ஐ.டி.சி. கம்பெனி, 4 கிளாஸ்மேட் நோட்டு விற்றால் கல்விக்கு 1 ரூபாய் என்று அறிவித்தது. அப்படியானால் 1,000 நோட்டுக்கு 250 ரூபாய். அந்தப் பணம் எந்த ஊருக்கு என்பதையும் கம்பெனிதான் தீர்மானிக்கும். நம் மலைக்கு வரும் என்பதற்கு யார் பொறுப்பு?

சகோதரர்களே! 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியை நாடே அறியும். வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே தங்கிப் படிக்கிறார்கள். அதே சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளும், காப்பித் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளும் படிக்கும் அரசுப் பள்ளிகளை எட்டிப் பார்த்தோமா? அவர்களின் பெற்றோர் பறித்த காப்பியையும் மிளகையும் விற்றுத்தானே நம் கல்லாப்பெட்டி நிறைகிறது?

ஆகவே, கம்பெனியின் கூப்பனுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? நாமே அச்சடிப்போம்! ஒவ்வொரு பில்லுடனும் 1 ரூபாய் மதிப்புள்ள சீட்டு ஒன்று கொடுங்கள். வாங்கியவர் அதைக் கடை வாசலில் இருக்கும் பள்ளிப் பெட்டியில் போடட்டும். மாத முடிவில் இளைஞர்கள் எண்ணட்டும், கடைக்காரர் பணம் கட்டட்டும். 20 கடைகள், கடைக்கு நாளொன்றுக்கு 30 சீட்டு என்றால் மாதம் 18,000 ரூபாய்! மே மாத சீசனில் சுற்றுலா வருபவர்களும் இதில் பங்கு பெறுவார்கள்.

மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அந்த ஒரு ரூபாயைப் பொருளின் விலையில் ஏற்றக்கூடாது. அது உங்கள் லாபத்திலிருந்து வரவேண்டும். இரண்டு, கூப்பனுக்காகத் தேவையில்லாததை வாங்கும்படி யாரையும் தூண்டக்கூடாது. மூன்று, பணத்தைத் தனி நபர் கையில் கொடுக்காதீர்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோரே. அந்தக் குழுவின் கணக்கில் செலுத்தி ரசீது வாங்குங்கள். வரவையும் செலவையும் எழுதிக் கடை வாசலில் ஒட்டுங்கள். இது அமானிதம்!

பிடி அரிசி எடுத்து வைத்து அறம் வளர்த்த தாய்மார்களின் பிள்ளைகள் நாம். அரிசிப் பானையில் அவர்கள் செய்ததைக் கல்லாப்பெட்டியில் நாம் செய்ய முடியாதா? வரும் மாதம் முதல் தேதியில் எந்தக் கடை முதல் சீட்டைக் கொடுக்கப் போகிறது? சொல்லுங்கள்!