தொரப்பள்ளியில் எடுத்த படமும் கைப்பேசியில் காணும் படமும்

(ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ஆற்றப்பெற்ற உரை)



இவ்வூருக்குத் திரைப்படம் புதிதன்று. இராசாசி 1878இல் பிறந்தது இவ்வூரில். அவர் எழுதிய ‘திக்கற்ற பார்வதி’ கதையைச் சிங்கீதம் சீனிவாசராவ் இங்கேயே படமாக்கினார்; 1974இல் அது வெளிவந்தது. குடியால் கடனும், கடனால் மானக்கேடும் வந்து ஓர் ஏழைக் குடும்பம் சிதைவதே கதை. 1937இல் குடிவிலக்கு முதன்முதல் நடைமுறைக்கு வந்த அன்றைய சேலம் மாவட்டத்துள் இப்பகுதியும் அடங்கியிருந்தமையால், படம் பிடிக்கத் தக்க இடம் இதுவே. சிறந்த தமிழ்ப்படத்துக்கான நடுவணரசு விருதும் அதற்குக் கிட்டியது. ஆனால், விருது வேறு; கொட்டகை வேறு. குத்தாட்டமும் அடிதடியும் இல்லாத படத்துக்குக் கொட்டகைக்காரர் இடங்கொடுக்கத் தயங்குவர். கொட்டகையைவிட்டு இறங்கிய படம் பெட்டிக்குள் முடங்கும். அன்றைய நிலை அது.

இன்று ஓ.டி.டி. என வழங்கும் இணையத் திரை அப்பூட்டை உடைத்திருக்கிறது. 2.11.2021 அன்று ‘செய்பீம்’ படம் கொட்டகைக்கே போகாமல் அமேசான் பிரைம் வழியாக வெளிவந்தது. பெயர் தமிழன்று, அம்பேத்கரைப் போற்றும் மராத்திய மண்ணின் முழக்கம். அதனைக் குறையாகக் கொள்ளவேண்டா. 1993இல் முதுகுன்றத்தை (விருத்தாசலம்) அடுத்த சிற்றூரினர் ஒருவர் காவலர் பிடியில் இறந்ததும், வழக்குரைஞர் சந்துரு அவ்வழக்கை நடத்தியதும் படத்தின் கரு. இறந்தவர் குறவர், இயக்குநர் ஞானவேல் படத்தில் இருளராக மாற்றிக்கொண்டார். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் வாழும் இருளர் இம்மாவட்டத்தார்க்கு அயலார் அல்லர்.

படம் தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி ஆகியவற்றிலும் வந்தது. எல்லைக்கு அப்பால் இது பெரிய மாற்றம். கருநாடகத் திரைத்துறையினர் பல்லாண்டுகளாகப் பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் மொழிமாற்றி வெளியிட விடவில்லை. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் அதனைத் தவறென்று தீர்த்தது. இன்று அத்திப்பள்ளியில் இருக்கும் கன்னடர் ஒருவர் தமிழ் ஏழையின் துன்பத்தைத் தம் தாய்மொழியிலேயே கேட்கிறார். தாய்மொழிப் பற்றுடைய எவரும் இதனை வரவேற்பர்.

ஆனால், இந்தியில் என்ன நடந்தது? படத்தில் அடகுக்கடைக்காரர் ஒருவர் காவல் அதிகாரியிடம் இந்தியில் பேசி நழுவப் பார்க்கிறார். அதிகாரியாக வரும் பிரகாசுராசு, பெங்களூரில் பிறந்தவர், அவரை ஓங்கி அறைந்து தமிழில் பேசுமாறு சொல்கிறார். தெலுங்கு வடிவில் அது தெலுங்கில் பேசு என்றாகிறது. இந்தி வடிவிலோ உண்மையைச் சொல் என்று மாறிவிட்டது! காவலர் கொடுமையைக் கண்டிக்கும் படத்தில் காவலரே கைநீட்டுவது பொருந்துமா என்பது தனி வழக்கு. பொருந்தாது எனில் காட்சியையே நீக்கியிருக்கலாம். அடியை வைத்துக்கொண்டு அடிக்குக் காரணமான மொழியை மட்டும் மறைத்தது ஏன்? இந்தியரங்கம் முகஞ்சுளிக்கும் என்ற அச்சமன்றி வேறென்ன? அப்படி மறைத்தும், தமிழ் வடிவைக் கண்ட வடவர் சிலர் சினந்தே எழுதினர்.

1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும், பின்னாளில் அதனை எதிர்த்தவரும் பிறந்த ஊர் இது. இம்மாற்றத்தின் பொருள் இவ்வூரார்க்கு விளங்காமற் போகாது.

ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வடபுலத்திலிருந்து வந்து உழைப்போர் பலர். வேலை முடிந்த இரவில் அவர்தம் கொட்டகை கைப்பேசியே. இந்தி வடிவைக் காணும் அவர்கள், உடன் உழைக்கும் தமிழனின் மொழிக்குறை இன்னதென அறியாமலே அக்காட்சியைக் கடக்கின்றனர். அவர்களும் பிழைப்புக்காக வந்த எளியோரே. அவர்கள்மீது சினங்கொள்ள ஒன்றுமில்லை. கொட்டகையில் இல்லாத ஒரு வசதி இணையத் திரையில் உண்டு: ஒலியைத் தமிழுக்கு மாற்றி, அடியில் ஓடும் வரிகளோடு மூலப்படத்தையே காணலாம். உடன் உழைக்கும் தமிழிளைஞர் அடுத்த விடுமுறை நாளில் அவர்களோடு அமர்ந்து அதனைக் காட்டலாம்.