கடைத்தெருவில் அத்வைதம்



 எனக்கு அளிக்கப்பட்ட பொருள் அத்வைதம். அது காவியுடுத்தவர்களுக்கும் வடமொழி கற்றவர்களுக்கும் உரியது, வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கி வீட்டுக்கடன் கட்டும் நமக்கு எட்டாதது என்ற எண்ணம் நம்மிடையே வேரோடிக் கிடக்கிறது. அந்த எண்ணம் பிழை என்று நிறுவுவதே இந்த உரையின் நோக்கம். தமிழில் அத்வைதத்தைக் கேட்டவர்களில் பலர் வேலை பார்த்தவர்கள். அவர்களில் சிலரது கால்தடம் இந்தச் சிங்கப்பூரிலும் பதிந்திருக்கிறது.

1. கூடியிருக்கும் இடம்

நாம் அமர்ந்திருக்கும் சைனாடவுனில் 1827ஆம் ஆண்டு முதல் மாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். கோயிலை எழுப்பிய நாராயண பிள்ளை 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் வந்தவர். செங்கல் சூளை போட்டவர், துணிக்கடை வைத்தவர். பக்கத்தில் ஓடும் பகோடா ஸ்திரீட் அம்மன் கோபுரத்தால் பெயர் பெற்றது. அதே சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது. 2007இல் திறக்கப்பட்ட புத்தர் தந்தக் கோயிலும் அங்கேதான். தீபாவளிக்கு முந்தைய நாட்களில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வந்து இங்கே பூக்குழி இறங்குகிறார்கள்.

தத்துவம் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டியதில்லை. வியாபாரம், வழிபாடு, கூலிவேலை, பல மொழி, பல சமயம் எல்லாம் கலந்த தெரு இது. இந்த இரைச்சலுக்கு நடுவே விளங்காத ஒரு தத்துவம் காட்டுக்குப் போனாலும் விளங்கப்போவதில்லை.

2. கோவிலூரும் செட்டித் தெருவும்

இங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் மார்க்கெட் ஸ்திரீட். தமிழர் வாயில் அது செட்டித் தெரு. 1970களில் அத்தெருவின் பழைய கட்டடங்கள் இடிபடும் வரை நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகள் அங்கே இருந்தன. நீண்ட கூடத்தில் வரிசையாகப் பெட்டியடிகள். தரையில் சம்மணமிட்டு, முன்னால் சிறு மரமேசையும் பக்கத்தில் பேரேடுமாக ஒரு மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு மூன்றாண்டுக் கணக்குக்கு வந்தவர்கள். கொடுத்த பணமும் வாங்கிய பணமும் அவர்கள் கை வழியாகவே போயின. ஆனால் கையெழுத்துப் போட்டது முதலாளியின் விலாசத்தில்.

இந்த நகரத்தாரின் ஆதரவில் வளர்ந்ததுதான் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோவிலூர் மடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழிலேயே அத்வைத வேதாந்தம் பயிற்றுவித்த பெரிய பாடசாலை அது. கைவல்ய நவநீதம், நாநா சீவவாதக் கட்டளை, சசிவன்னபோதம் முதலிய நூல்களை அங்கே பாடம் சொன்னார்கள். வடமொழி அறியாதவரும் வேதாந்தம் கேட்க அந்த மடம் வாசலைத் திறந்துவைத்தது. தாண்டவராய சுவாமிகள் இயற்றிய கைவல்ய நவநீதம் குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் நூல். தத்துவ விளக்கம், சந்தேகம் தெளிதல் என்று இரண்டே படலங்கள். பாதி நூல் சந்தேகத்துக்கு என்றால், கேள்வி கேட்பவனுக்கு அந்த மரபு கொடுத்த மரியாதையை எண்ணிப் பாருங்கள். கார்ல் கிரால் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1850களில் அதை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்.

பெட்டியடியில் இருந்த மேலாளை நினைத்தால் வேதாந்தம் சொல்லும் ஒரு செய்தி எனக்கு எளிதாகப் புரிகிறது. முதல் தன்னுடையதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்காக ஒரு காசைக்கூட அவர் அலட்சியமாகக் கையாளவில்லை. ‘எனது’ என்ற பிடி விட்டுப்போனால் பொறுப்பும் விட்டுப்போகும் என்று பயப்பட வேண்டியதில்லை.

3. நான் யார்?

1901, 1902 வாக்கில் தென்னாற்காடு மாவட்ட வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் திருவண்ணாமலை விரூபாட்ச குகைக்குப் போனார். தத்துவம் படித்த பட்டதாரி. பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை. குகையில் இருந்த இளைஞர் அப்போது பேசுவதில்லை; மணலிலும் பலகையிலும் விரலாலும் எழுத்தாலும் விடை தந்தார். அந்த இளைஞர்தான் ரமண மகரிஷி. ‘நான் யார்?’ என்னும் சிறுநூல் இப்படி ஓர் அலுவலகக்காரரின் கேள்வியால் பிறந்தது. அச்சேறியது 1923இல்.

அந்தக் கேள்வியின் அடிப்படை நம் ஒவ்வொருவரின் அனுபவத்திலும் இருக்கிறது. நேற்றிரவு தூங்கினோம். கனவு வந்திருக்கும். கனவில் பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று பதறியிருப்போம். நெஞ்சு உண்மையாகவே அடித்துக்கொண்டிருக்கும். விழித்ததும் பரீட்சை போய்விட்டது. பிறகு கனவே இல்லாத ஆழ்ந்த தூக்கம். அங்கே நம் பெயர் இல்லை, பதவி இல்லை, உடம்பு என்ற நினைப்புகூட இல்லை. இருந்தும் காலையில் ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை’ என்கிறோம். ஒன்றும் தெரியவில்லை என்பதைத் தெரிந்துவைத்திருந்தது எது?

பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்கிய உபநிடதம் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இதுதான். விழிப்பும் கனவும் உறக்கமும் மாறிமாறி வருகின்றன, போகின்றன. மூன்றையும் அறிகிற அறிவு வருவதுமில்லை, போவதுமில்லை. அதுவே ஆன்மா, அதுவே பிரமம் என்கிறது அத்வைதம். அப்படியானால் தன்னை அறிதல் புதிதாக ஒன்றைச் சம்பாதிப்பது ஆகாது. ஏற்கெனவே இருப்பதை மறைக்கும் தவறான எண்ணம் விலகுவது, அவ்வளவுதான். ரமணர் காட்டிய வழியும் அதுவே. ஒரு நினைப்பு எழும்போது இது யாருக்கு என்று கேள். எனக்கு என்று பதில் வந்தால் அந்த நான் எங்கிருந்து எழுகிறது என்று பார். இதற்கு வேலையை ராஜினாமா செய்ய வேண்டியதில்லை. மும்பையில் பீடிக்கடை வைத்திருந்த நிசர்கதத்த மகராஜ் கடையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டே இவ்விசாரணையில் நின்றவர்.

4. மருத்துவரும் சேவையும்

பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, அத்வைதப் பேரறிஞர் அப்பய்ய தீட்சிதரின் வழிவந்தவர். 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறிச் சிரம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். பின்னர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்று நாம் பார்க்கும் ஜொகூர் பாருவில் பணியாற்றினார். மலாயாவில் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு சாது ‘ஜீவ பிரம்ம ஐக்கியம்’ என்ற நூலைக் கொடுத்துவிட்டுப் போனார். அது அவரைத் திருப்பிவிட்டது. 1923இல் ஊர் திரும்பி, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு ஏற்றுச் சுவாமி சிவானந்தர் ஆனார். துறவியான பிறகும் அவர் மருந்துப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. லட்சுமண் ஜூலாவில் யாத்ரீகர்களுக்கு மருத்துவசாலை நடத்தினார்.

அவருக்கு முன்பே சுவாமி விவேகானந்தர் 1893இல் சிகாகோவுக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கினார். இங்குள்ள தாவரப் பூங்காவையும் மங்குஸ்தான் பழத்தையும் தம் கடிதத்தில் குறித்திருக்கிறார். அவர் தோற்றுவித்த ராமகிருஷ்ண மிஷனின் கிளை 1928இல் இங்கே தொடங்கியது. சிராங்கூன் வட்டாரத்து நாரிஸ் சாலையில் அதன் பணி நடந்தது. அத்வைதிகள் என்ன செய்தார்கள்? ஆண்பிள்ளைகளுக்கு விவேகானந்தர் பெயரிலும் பெண்பிள்ளைகளுக்கு ராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதாமணி பெயரிலும் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆதரவற்றுப்போன சிறுவர்களைச் சேர்த்து இல்லம் நடத்தினார்கள். எல்லாரிடமும் இருப்பது ஒரே ஆன்மா என்று படித்தவர்கள், பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதை அந்தப் படிப்பின் பகுதியாகவே கண்டார்கள்.

5. மாயை என்னும் சொல்

இந்த இடத்தில் ஒரு தடையைச் சந்தித்தாக வேண்டும். உலகம் மாயை என்றால் பள்ளி எதற்கு, மருந்து எதற்கு, பூக்குழி எதற்கு?

அத்வைதம் உண்மையை மூன்று நிலையாக வகுக்கிறது. கனவுப் பரீட்சை போலத் தோன்றும்போது மட்டும் இருப்பது பிராதிபாசிகம். நம் தெரு, சம்பளம், நோய், உறவு எல்லாம் விவகார உண்மை. என்றும் மாறாதது பாரமார்த்திகம். விவகார உண்மையை அத்வைத ஆசான் சங்கரர் மறுக்கவில்லை. ஞானம் வரும் வரை அதன் நியாயங்கள் முழுக்கச் செல்லும். ஆகவே மாயை என்றால் இல்லாதது என்று பொருள் கொள்வது அத்வைதத்தையே திரிப்பதாகும். மாறுவதை மாறாதது என்று பிடித்துக்கொள்ளும் நம் மயக்கத்துக்கே அந்தப் பெயர்.

தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்திகள் இதை ஏற்றதில்லை. உயிரே பிரமம் என்றால் அறியாமை யாருக்கு வந்தது, அன்பு செய்ய இருவர் வேண்டாமா என்று கேட்டார்கள். வலிமையான கேள்வி. மாயையை உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்ல முடியாது என்பது அத்வைதிகளின் விடை. அது எல்லாரையும் நிறைவு செய்யாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தரப்பையும் அரவணைத்துப் பாடிய தாயுமானவரின் நெஞ்சமே எனக்கு உவப்பானது. சித்தாந்தியின் கேள்வி நம் பக்கத்தில் இருக்கும்வரை, அத்வைதம் பேசுகிறவர் அன்பை மறந்துவிட முடியாது.

மறந்தவர்களையும் நாம் பார்க்கிறோம். துக்கத்தில் இருப்பவரிடம் ‘எல்லாம் மாயை’ என்பார்கள். சம்பளம் வராத தொழிலாளியிடம் ‘கர்ம வினை’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் வெயிலில் நின்று ஊருக்குப் பணம் அனுப்பும் கட்டுமானத் தொழிலாளியின் களைப்பு விவகார உண்மை. அதை மாயை என்று ஒதுக்குகிறவர் தம் பதவி உயர்வை மட்டும் மாயை என்று ஒதுக்குவதில்லை. இது ஞானமன்று, சுயநலம்.

அன்புடையீர், மாணவச் செல்வங்களே, நான் வேண்டுவது இரண்டு. தூங்கப் போகுமுன் சிறிது நேரம், இன்று முழுக்க ‘நான், நான்’ என்று ஓடியது யார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். விடையை எந்தப் புத்தகத்திலிருந்தும் கடன் வாங்காதீர்கள். விடிந்து வேலைக்குப் போனதும் மாயை என்னும் சொல்லை உங்கள் அகந்தைக்கு மட்டும் சொல்லுங்கள். அடுத்தவர் துன்பத்துக்கு ஒருபோதும் சொல்லாதீர்கள். இவ்விரண்டையும் கடைப்பிடிக்கிறவர் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தாலும் அத்வைதிதான்.