மேசையும் முக்காலியும்

மேடுபள்ளமான நிலத்தில் மேசையை வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். முக்காலிக்கு அந்த இடர் இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டாப் பாலையில் 2007ஆம் ஆண்டு முதல் நடைபெறும் செவ்வாய் ஊர்திப் போட்டிக்கு வரும் பல்கலைக்கழக மாணவரை வாட்டுவதும் இந்த மேசைச் சிக்கலே. அவர்கள் ஊர்தியைக் கண்ணாற் காணாது, கமராப் படத்தை நம்பியே செலுத்துவர். பாறையிலே ஏறுகையில் ஒரு சில்லு நிலத்தைவிட்டு எழுந்தால் அது வீணே சுழலும். ஓடிச்சென்று தூக்கிவிட்டாற் புள்ளிகள் குறையும்.

மோட்டார் வண்டிக்குப்போலச் சுருள்வில் போதாதா என நேயர்கள் வினவலாம். அழுங்கிய வில் வலிதாய் உதைக்கும்; தளர்ந்த வில் மெலிதாய் உதைக்கும். ஆதலின் பாறைமேற் சில்லே பாரத்தைச் சுமக்க, பள்ளத்துச் சில்லு வழுக்கும்.

1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜேர்னரில் வில்லே இல்லை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சில்லுகள். அவற்றைத் தாங்குபவை கிணற்றுத் துலாப்போல ஆடும் நெம்புகோல்கள். ஒரு சில்லு உயர்ந்தாலும் மற்றவை மண்ணை விடா. இருபக்க நெம்புகோல்களையும் பிணைக்கும் அமைப்பினால் உடல் அவ்விரண்டின் சராசரிச் சாய்விலே நிற்கும். விரைந்தோட மட்டும் இது உதவாது.

மாணவர் பலர் இதனையே பின்பற்றுகின்றனர். ஆயினும் போட்டியில் ஊர்தியின் நிறை 50 கிலோகிராமை விஞ்சலாகாது. ஆறு சில்லுக்கு ஆறு மோட்டார் என்றால், கருவி தூக்கும் கைக்கு எஞ்சுவது சொற்பமே. ஆகவே நான்கு சில்லோடு அமைந்து, அந்தப் பிணைப்பை மட்டும் வைத்துக்கொள்வாரும் உளர்.