மரத்தைக் கட்டிப்பிடித்த புலி



ரஷ்யாவின் தூரக்கிழக்கிலே ஒரு காடு. சிறுத்தை நிலம் தேசியப் பூங்கான்னு பேரு. அங்கே சைபீரியப் புலிகள் உண்டு. ஆனா, கண்ணில் படுறது ரொம்ப அபூர்வம்.

செர்கெய் கோர்ஷ்கோவ்ங்கிற புகைப்படக்காரர் அந்தக் காட்டுக்குப் போனார். போன உடனே படம் எடுக்கலை. புலி நடந்த தடம், அது போட்ட எச்சம், மரப்பட்டையில ஒட்டியிருக்கிற முடி, இதையெல்லாம் தேடி அலைஞ்சார். புலி எந்த மரத்துக்கு வந்து போகுதுன்னு கண்டுபிடிச்சார். அசைவு தெரிஞ்சா தானாகவே படம் எடுக்கிற கேமராவை அங்கே மறைச்சு வச்சார். 2019 ஜனவரியில வச்ச கேமரா. அவர் நினைச்ச படம் கிடைச்சது நவம்பர்ல!

படத்துல என்ன? ஒரு பெண்புலி பின்னங்காலில் நிமிர்ந்து நின்னு, பெரிய மஞ்சூரிய ஃபிர் மரத்தை முன்னங்கால்களால கட்டிப்பிடிச்சிருக்கு. கண்ணை மூடி, கன்னத்தைப் பட்டையில தேய்க்குது.

பார்க்கிறவங்களுக்கு அது பாசம். புலிக்கு அது வேலை! கன்னத்துச் சுரப்பியில இருந்து வர்ற வாசனையை மரத்துல பூசுது. நாம வாசல்ல பெயர்ப்பலகை மாட்டுற மாதிரி, 'இது என் எல்லை'ன்னு மற்ற புலிகளுக்குத் தகவல் சொல்லுது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2020-ஆம் ஆண்டின் சிறந்த வனவிலங்குப் படமா இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

விலை உயர்ந்த கேமரா இருந்தா நல்ல படம் எடுத்துடலாம்னு நாம நினைக்கிறோம். ஆனா, கோர்ஷ்கோவ் முதல்ல காட்டைப் படிச்சார். கேமரா அதுக்கு அப்புறம்தான்!